வீடு தேடி வரும் மருத்துவமும் பராமரிப்பு உதவித்தொகையும்: தமிழ்நாட்டில் முதன்முறையாகப் பதிவு செய்யும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதம் வந்தவர், விபத்தில் முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர், புற்றுநோய் முற்றியவர் என எவராக இருந்தாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மருத்துவமனை அனுப்பிவிடுகிறது. அடுத்த நாள் காலையிலிருந்து சிறுநீர்க் குழாயை யார் மாற்றுவது, உடற்பயிற்சியை யார் சொல்லித்தருவது, வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டியவரின் செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்விகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. இவற்றில் சிலவற்றுக்குத் தமிழ்நாடு அரசின் திட்டங்களில் விடை இருக்கிறது. ஆனால் அந்த விடை ஒரே அலுவலகத்தில் ஒரே விண்ணப்பத்தில் கிடைப்பதில்லை என்பதால்தான் பல குடும்பங்கள் பாதியிலேயே சோர்ந்துவிடுகின்றன.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். வீட்டுக்கு ஆள் அனுப்புவது மக்கள் நல்வாழ்வுத் துறை. பணமும் உபகரணமும் தருவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. முன்னதற்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, பின்னதற்குச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. ஒன்று முடிந்த பிறகு மற்றொன்றைத் தொடங்கலாம் என்று காத்திருக்காமல், இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடுவதே நல்லது.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படும் விடுவிப்பு அறிக்கையில் நோயின் பெயர், செய்த அறுவைச் சிகிச்சை, மருந்துகளின் பெயரும் அளவும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மருந்துகளின் வணிகப் பெயர் மட்டும் இருந்தால், மூலப் பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதித் தருமாறு கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூலப் பெயரை வைத்துத்தான் மருந்து தருவார்கள். மூக்கு வழி உணவுக் குழாயோ சிறுநீர்க் குழாயோ பொருத்தி அனுப்பினால், அது எந்தத் தேதியில் பொருத்தப்பட்டது, என்ன வகை, என்ன அளவு, எப்போது மாற்ற வேண்டும் என்பதைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வரும் செவிலியர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான். தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் அரசின் வீட்டுச் சேவையைக் கேட்க முடியாது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு, எங்கே சிகிச்சை பெற்றிருந்தாலும் பதிவு செய்துகொள்ளலாம்.

மக்களைத் தேடி மருத்துவம்: பெயரைப் பதிவு செய்தல்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட இந்தத் திட்டம், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டமாகவே பலருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அதைவிட முக்கியமான மூன்று பகுதிகள் இதில் உண்டு. அவை வலியையும் பிற தொல்லைகளையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி), சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதற்கான பைகள் ஆகியவை.

கிராமத்தில் இருப்பவர்கள் துணை சுகாதார நிலையத்துக்குச் சென்று கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். அவர் தடுப்பூசிப் பணியில் வெளியே சென்றிருந்தால், உங்கள் பகுதிக்கான மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் யார் என்று விசாரியுங்கள். இவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரின் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள் என்பதால், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் யாரையாவது கேட்டாலே பெயர் தெரிந்துவிடும். நகரத்தில் இருப்பவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். எந்த நிலையம் உங்கள் தெருவுக்கு உரியது என்று தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

நோயாளியை அழைத்துச் செல்லத் தேவையில்லை. அவருடைய ஆதார், குடும்ப அட்டை, விடுவிப்பு அறிக்கை ஆகியவற்றின் நகல்களுடன் வீட்டில் ஒருவர் போனால் போதும். அங்கே "மாத்திரை வேண்டும்" என்று மட்டும் சொன்னால் மாத்திரைப் பட்டியலில் மட்டுமே பெயர் ஏறும். ஆகவே, "எழுந்து நடமாட முடியாதவர், சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது, முதுகில் புண் தொடங்கியிருக்கிறது, இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு செவிலியரின் வருகையும் தேவை" என்று நிலைமையை முழுமையாகச் சொல்லுங்கள். தன்னார்வலர் தனியாக முடிவெடுப்பவர் அல்லர். அவர் தரும் தகவல் மேலே சென்ற பிறகே வட்டார அளவிலான குழு உங்கள் வீட்டுக்கு வருகிறது. பெயர் பதிவான தேதியையும், பதிவு செய்தவரின் கைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கடந்தும் யாரும் வராவிட்டால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரை நேரில் பார்த்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வருபவர்கள் என்ன செய்வார்கள், என்ன செய்ய மாட்டார்கள்

ஒரு வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவு செவிலியர், ஒரு இயன்முறை சிகிச்சையாளர், அவர்களுக்கு ஒரு வாகனம் என்பதுதான் ஏற்பாடு. பல ஊராட்சிகளைக் கொண்ட ஒரு வட்டாரம் முழுவதையும் அவர்கள் சுற்றி வர வேண்டும். ஆகவே தினமும் வருவார்கள் என்றோ, நாள் முழுவதும் உடனிருக்க ஒரு உதவியாளரை அரசு அனுப்பும் என்றோ எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, இரவில் விழித்திருப்பது எல்லாம் குடும்பத்தின் மீதே விழுகின்றன. பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு பெண்ணின் மீது விழுகின்றன. பெரியவர்களுக்கான டயப்பரும் பெரும்பாலும் கைக்காசுதான். இந்தக் குறை உண்மையானது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் வரும் அந்த அரை மணி நேரத்தை நோயாளிக்கான சிகிச்சையாக மட்டும் கருதாமல், பராமரிப்பவருக்கான பயிற்சியாகவும் மாற்றிக்கொண்டால் திட்டத்தின் பயன் பல மடங்காகிறது.

செவிலியர் வரும்போது அவருடன் படுக்கையின் அருகிலேயே நில்லுங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே, குதிகால், இடுப்பெலும்பின் பக்கவாட்டு, தோள்பட்டை ஆகிய இடங்களை அவர் பார்ப்பார். தோல் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும், அங்கே சற்று வெளுத்துப் பிறகு சிவப்பு திரும்பினால் இன்னும் புண்ணாகவில்லை. அழுத்தியும் வெளுக்காமல் சிவந்தே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. இந்தச் சோதனையை அவர் முன்னிலையில் நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும், காற்றடைத்த வளையத்தின் மேல் உட்கார வைப்பதும் நன்மை என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். இரண்டுமே புண்ணை ஆழப்படுத்தும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதற்கு ஈடான மருந்து இல்லை. காற்றுப் படுக்கை வாங்கிவிட்டதால் புரட்ட வேண்டியதில்லை என்பதும் சரியல்ல. "6 மணி - வலப்பக்கம், 8 மணி - மல்லாந்து, 10 மணி - இடப்பக்கம்" என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால், பராமரிப்பவர் மாறினாலும் முறை மாறாது.

மூக்கு வழிக் குழாயில் உணவு செலுத்தும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது படுக்க வைக்காமலிருப்பது, சிறுநீர்ப் பையை எப்போதும் இடுப்பின் மட்டத்துக்குக் கீழேயே தொங்கவிடுவது ஆகியவற்றையும் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கலங்கினாலோ, குழாய் அடைத்துக்கொண்டாலோ அடுத்த வருகைக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், தேவைப்பட்டால் 108ஐ அழைக்க வேண்டும்.

இயன்முறை சிகிச்சையிலும் இதே நிலைதான். பக்கவாதம் வந்தவருக்கு முதல் சில மாதங்களில்தான் தேறுவதற்கான வாய்ப்பு மிகுதி. அந்த மாதங்களை, சிகிச்சையாளர் வரும் நாளை மட்டும் நம்பிக் கழித்துவிடக் கூடாது. அவர் செய்துகாட்டும் ஒவ்வொரு பயிற்சியையும் அவருடைய அனுமதியுடன் கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொண்டு, தினமும் அதைப் பார்த்தே செய்யுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது நீங்கள் செய்வதைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

புற்றுநோய் வலியைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மாத்திரைக்கு அடங்காத வலிக்கு மார்பின் மாத்திரை உண்டு. இதை எல்லா மருந்துக் கடைகளிலும் வாங்க முடியாது; அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில், மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே கிடைக்கும். 2014ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இந்த நடைமுறையை எளிதாக்கியது. வீட்டுக்கு வரும் செவிலியரிடம், உங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ உள்ள வலி நிவாரண, நோய் ஆதரவுப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். "அந்த மாத்திரை கொடுத்தால் அடிமையாகிவிடுவார்" என்ற அச்சத்தில் உறவினர்கள் தடுப்பதால், தீர்க்கக்கூடிய வலியோடு எத்தனையோ பேர் இரவுகளைக் கழிக்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும்போது அந்த அச்சத்துக்கு இடமில்லை.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தங்களுக்குச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவிலிருந்து கடிதம் பெற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தால், பைகளை வீட்டில் சேர்ப்பதற்குப் பதிவு செய்வார்கள். கையிருப்பு தீருவதற்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும்

நோயாளியாக இருப்பவரை மாற்றுத்திறனாளி என்று பதிவு செய்யப் பல குடும்பங்கள் மனம் கூசுகின்றன. அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் சட்டம் தரும் உதவிகள் எல்லாம் இந்த ஒரு பதிவின் வழியாகத்தான் வருகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கை கால் இயக்கக் குறைபாடு, பார்வைக் குறைபாடு ஆகியவற்றோடு பார்க்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), தசைச்சிதைவு நோய், நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள், ஹீமோபீலியா, தலசீமியா ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கே பெரும்பாலான உதவிகள் கிடைக்கும்.

சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்குமான (UDID) விண்ணப்பத்தை மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிய வேண்டும். இ-சேவை மையத்திலோ, மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ உதவுவார்கள். அதன்பின் அரசு மருத்துவரின் முன் நேரில் பரிசோதனை நடக்கும். படுத்த படுக்கையாக இருப்பவரை அழைத்துச் செல்வதுதான் இந்தப் பயணத்திலேயே கடினமான கட்டம். உங்கள் ஒன்றியத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம் எப்போது நடக்கிறது என்று நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவைத்தால், மாவட்டத் தலைநகர் வரை செல்லாமல் முடிக்கலாம். உரிய துறையின் சிறப்பு மருத்துவர் அன்று இருப்பாரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். எலும்பு மருத்துவர் மட்டும் வரும் நாளில் நரம்பியல் நோயாளியைத் தூக்கிக்கொண்டு சென்று திரும்பி வருவது பெரும் கொடுமை. மேலும், பக்கவாதம் போன்றவற்றில் தேறுவதற்கான மாதங்கள் கழிந்த பிறகே நிரந்தரப் பாதிப்பை அளவிடுவார்கள். மிக விரைவில் சென்றால் தற்காலிகச் சான்று கிடைக்கலாம்; அப்படியானால் அது காலாவதியாகும் தேதியைக் குறித்துவைத்துப் புதுப்பிக்க வேண்டும்.

பராமரிப்பு உதவித்தொகை

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உடையவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள், முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள், பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 2023 ஜனவரி முதல் இது 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெரும்பாலான பிரிவுகளுக்கு 40 விழுக்காடு பாதிப்பு போதும்; "கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்" என்ற பிரிவுக்கு 75 விழுக்காடு வேண்டும். எனவே எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதே விண்ணப்பத்தின் முடிவைத் தீர்மானிக்கக்கூடும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவரைக் கை கால் பாதிப்பு என்று பொதுவாக எழுதிவிட்டால், 70 விழுக்காடு சான்று இருந்தும் தள்ளுபடியாகும் வாய்ப்பு உண்டு. நோயின் சரியான பெயர் சான்றிதழிலேயே இருக்கும்படி பரிசோதனை நாளன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு, அன்றாடத் தேவைகளுக்கு இன்னொருவரை முழுமையாகச் சார்ந்திருக்கும், அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்பாளருக்கு மாதம் 1,000 ரூபாய் தனியாக வழங்கும் ஏற்பாடும் இருக்கிறது. உதவித்தொகை கிடைத்தால் இதுவும் தானாகவே வந்துவிடும் என்று இருந்துவிடாமல், தனியாகக் கேட்டு விண்ணப்பியுங்கள்.

வருவாய்த் துறை, சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வட்டாட்சியர் வழியாகத் தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு, இந்தப் பராமரிப்பு உதவித்தொகை வேறு. இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பவர் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாற விரும்பினால், புதியது உறுதியாகும் முன்பே பழையதை நிறுத்த எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மாறும் முறையை நல அலுவலகத்தில் கேட்டு, அதன்படி செய்யுங்கள்.

வங்கிக் கணக்கு நோயாளியின் பெயரில், ஆதாருடன் இணைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நேரில் வர இயலாதவர்களுக்காகவும் வழிகள் உள்ளன. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே அடிப்படை வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது; கிளை மேலாளருக்குக் கடிதமாகவே எழுதிக் கொடுங்கள். இந்திய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதார் வழிப் பணம் எடுத்துத் தருவதும் உண்டு. கைரேகை பதியாமல் போவது முதியவர்களிடம் அடிக்கடி நேர்வதால், ஆதாரைப் புதுப்பித்துக்கொள்வது பின்னால் வரும் அலைச்சலைக் குறைக்கும். ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று கேட்கப்படும் மாதத்தைத் தவறவிட்டால் தொகை நின்றுவிடும்.

சக்கர நாற்காலி, மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான நாற்காலி போன்ற உபகரணங்களும் இதே அலுவலகத்தின் வழியாகக் கிடைக்கின்றன. நோயாளியின் உயரம், எடை, வீட்டு வாசலின் அகலம் ஆகியவற்றை அளந்து எழுதிச் செல்லுங்கள். வாசலில் நுழையாத நாற்காலி வீட்டுக்கு வெளியே துருப்பிடித்துக் கிடக்கும்.

குழந்தைகளுக்கு

பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்பு ஆசிரியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உள்ளது. ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் கேளுங்கள். குழந்தையின் பெயர் அருகிலுள்ள அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதால், வகுப்புக்கு வர முடியாவிட்டாலும் சேர்த்துவிடுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதன் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு; மருத்துவமனையில் சேராமல் பெறும் பயிற்சிச் சிகிச்சைகளுக்கும் அதில் இடமுண்டு. 18 வயது நிறைந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெற வேண்டும். வங்கிக் கணக்கும் உதவித்தொகையும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விண்ணப்பம் நகராவிட்டால்

எந்த விண்ணப்பத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நல அலுவலகத்தில் பதில் இல்லையென்றால், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். அங்கே தரும் மனு எண்ணை வைத்துப் பின்தொடரலாம். முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். "நிதி வரவில்லை, காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்ற பதில் கிடைத்தால், உங்கள் வரிசை எண் என்ன, உங்களுக்குப் பின் விண்ணப்பித்த யாருக்காவது வழங்கப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உரிமை மறுக்கப்பட்டதாகக் கருதினால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். மனுவைக் கோபமாக எழுதுவதைவிட, தேதி வாரியாக எழுதுவதே பலன் தரும்.

இருப்பிடம் மாறும்போது

நோயுற்ற பெற்றோரை மூத்த மகன் வீட்டில் மூன்று மாதம், மகள் வீட்டில் மூன்று மாதம் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்வது நம் குடும்பங்களில் வழக்கம். அப்படி ஊர் மாறும்போது மருந்தும் செவிலியரின் வருகையும் தாமாகவே பின்தொடர்ந்து வருவதில்லை. கிளம்புவதற்கு முன் தன்னார்வலரிடம் சொல்லி, நோயாளியின் பதிவு விவரத்தையும் கடைசியாகக் குழாய் மாற்றிய தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டு, புதிய ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே அங்குள்ள சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். உதவித்தொகை பழைய மாவட்டத்திலிருந்தே வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கலாம். ஆனால் நிரந்தரமாக இடம் மாறினால், பழைய மாவட்டத்தின் நல அலுவலகத்தில் மாறுதல் கடிதம் கொடுத்து அதன் நகலைப் புதிய மாவட்டத்தில் சேர்ப்பிக்க வேண்டும். கள ஆய்வுக்கு வருபவர் பழைய முகவரியில் ஆளைக் காணாமல் "இருப்பிடத்தில் இல்லை" என்று எழுதிவிட்டால், நின்ற தொகையை மீட்பதற்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.